பால்கனிக்குப் போன பேச்சு

ரஞ்சனா எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில், அவள் படியேறி வருவதற்கு முன்பே அவள் பேச்சு மேலே வந்துவிடும். கீழே வாட்ச்மேனோடு இந்தியும் தமிழும் கலந்து ஒரு வாக்குவாதம், முதல் மாடியில் அறுந்துபோன செருப்போடு ஒரு வாக்குவாதம், இரண்டாம் மாடி வரும்போது இடுப்பில் இருக்கும் குழந்தையோடு கொஞ்சல். லேக் கார்டன்ஸில் நான் வாழ்நாள் முழுக்க அடக்கமான மனிதர்களின் நடுவில் இருந்துவிட்டேன். எதிர் ஃபிளாட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே பேப்பர்காரன் சொல்லித்தான் தெரியும். இந்தப் பெண்ணின் வாய் எனக்குப் பிடித்துப்போயிற்று.

என் பெயர் கல்பனா. பாங்க் ஆபீசர், தனிக்கட்டை. தாத்தா காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்காக இந்தப் பெங்காலி ஊருக்கு வந்த குடும்பம். அப்படியே தங்கிவிட்டோம். என் தமிழைக் கேட்டால் ரஞ்சனாவுக்குச் சிரிப்பு வரும். எண்ணுவது பெங்காலியில், கோபப்படுவது இந்தியில், ரசம் வைப்பது மட்டும் தமிழில் என்று என்னைக் கேலி செய்வாள். அவள் திருமங்கலத்துக்காரி. புருஷன் ஆதர்ஷ் பொள்ளாச்சிப் பக்கம். இருவருக்கும் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை. அவர்கள் மூன்றாம் மாடி, நான் நாலாம் மாடி.

குழந்தையின் பெயர் ஹம்சினி. வரும்போது ஒன்றரை வயது. மற்ற பிள்ளைகள் போல அவளுக்கும் அப்போது நாலைந்து சொல் இருந்தது. காக்கா, தா, மம்மம், பூ. எங்கள் தெருவில் காக்கைக்குப் பஞ்சமில்லை என்பதால் காக்கா என்ற சொல்லுக்குத்தான் வேலை அதிகம். மாடியில் நான் துணி உலர்த்தும்போது கீழிருந்து "காக்கா" என்று கேட்கும், உடனே ரஞ்சனாவின் குரல், "ஆமாடி, காக்கா. அதுக்கு என்ன வேணுமாம்? வடை வேணுமாமா? போயி உங்க அப்பனைக் கேளு" என்று நீளும். தாய் சொல்வதில் பாதி குழந்தைக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை.

ஹம்சினிக்கு இரண்டு வயது ஆனதும் ப்ளே ஸ்கூலில் சேர்க்க அழைத்துப் போனார்கள். அங்கே தலைமையம்மாள் ஒரு ஆப்பிள் படத்தைக் காட்டினாளாம். குழந்தை அவள் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பந்து படத்தைக் காட்டினாள். அதற்கும் பதில் இல்லை. பறவைப் படத்தைக் காட்டியதும் தெளிவாகக் "காக்கா" என்றது. உடனே அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டில் எத்தனை மொழி என்று விசாரித்திருக்கிறாள். அப்பா அம்மா தமிழ், பார்த்துக்கொள்ளும் ஆயா பெங்காலி, வாட்ச்மேன் இந்தி, டீவி கார்ட்டூன் இங்கிலீஷ் என்று இவர்கள் பெருமையாகவே சொல்லியிருக்கிறார்கள். குழந்தை குழம்பிப்போயிருக்கிறது, ஒரே மொழியை எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடம் இங்கிலீஷ் என்பதால் இங்கிலீஷையே எடுத்துக்கொள்ளுங்கள், துர்கா பூஜை முடிந்த பிறகு மறுபடி கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

அன்று மாலையே ஆதர்ஷ் வீட்டுக்கு ஒரு ரூல் போட்டுவிட்டான். குழந்தையிடம் யாராயிருந்தாலும் இங்கிலீஷ்தான். அதன் காதில் வேறு மொழி விழக்கூடாது. சந்தியா மாசி என்ற அந்த ஆயாவிடமும் பெங்காலி கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு ஃபோன் பேசுவதானால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். புராஜெக்ட் மேனேஜர் அல்லவா, எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தான்.

எனக்கு அட்வைஸ் கேட்கவும் பிடிக்காது, கொடுக்கவும் பிடிக்காது. பெற்றவர்களுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு எவ்வளவு சிரமம் என்பதை என் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள்.

ரஞ்சனாவின் இங்கிலீஷைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காக்காரனோடு அவள் மீட்டிங் பேசியதை நானே கேட்டிருக்கிறேன், தடுக்காமல் கொள்ளாமல் பொரிந்து தள்ளினாள். ஆனால் குழந்தையைக் குளிப்பாட்ட அவளிடம் இங்கிலீஷ் இல்லை. முன்பெல்லாம் அவர்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து வரும் கூச்சல் குழாய் வழியாக என் வீட்டுக்கு ஏறும். பட்டுக்குட்டி, கண்ணை மூடு, வருது பாரு தண்ணி, போச்சு, எல்லாம் போச்சு, சோப்பு ஓடிப்போச்சு, பிடிடி அவனை என்று ஒரே அமர்க்களம். ரூல் வந்த பிறகு "க்ளோஸ் யுவர் ஐஸ்" என்று ஒரு தரம் கேட்கும். பிறகு தண்ணீர் விழும் சத்தம். பிறகு "குட் கேர்ள்". அவ்வளவுதான்.

ஒரு நாள் அவளே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

"என்ன சொல்றதுன்னே தெரியலக்கா. வாயைத் தொறந்தா ஆபீஸ் மெயில் மாதிரி வருது. ப்ளீஸ் லிஃப்ட் யுவர் லெக்னு எம்புள்ளகிட்டயே சொல்லிக்கிட்டு நிக்கிறேன்."

சந்தியா மாசியின் பாடு அதைவிட மோசம். பெங்காலியில் அவள் ஊர்க்கதை பேசினால் பாட்டி வீட்டுக்கு ரயிலேறியது போல இருக்கும், முடிவே கிடையாது. அவளுக்கு வாய்த்த இங்கிலீஷ் கம், ஈட், நோ நோ. பகல் முழுவதும் அந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையோடு காலம் தள்ளினாள். மத்தியானம் குழந்தையைத் தோளில் தூங்கப் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்து என் வீட்டு வேலைக்காரியிடம் மூச்சு விடாமல் பேசிவிட்டுப் போவாள். வாய் வலிக்கப் பேசினால்தான் அவளுக்குச் சாப்பாடு செரிக்கும் போலிருந்தது.

குழந்தையும் ஆரம்பத்தில் முயற்சி செய்தாள். காக்கா என்று கைநீட்டுவாள். ஆதர்ஷ் அன்பாகக் குனிந்து, "க்ரோ. சே க்ரோ" என்பான். அவள் அவன் முகத்தைப் பார்ப்பாள். தண்ணீர் வேண்டும்போது "தண்ணி" என்பதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, டம்ளரைக் காட்டி "ஊம்" என்பாள். வாட்டர் என்று சொல்லும்வரை காத்திருந்து பார்ப்பார்கள். அவளும் காத்திருப்பாள். பிறகு பாவம் என்று கொடுத்துவிடுவார்கள். என்னை யாராவது வாய் திறக்கும்போதெல்லாம் அப்படித் திருத்தியிருந்தால் நானும் ஊம் என்றுதான் இருந்திருப்பேன். மழைக்காலம் வருவதற்குள் காக்காவும் பூவும் தாவும் காணாமல் போயின. க்ரோவும் வரவில்லை.

மற்றபடி அவளிடம் ஒரு குறையும் இல்லை. சிரித்தால் சிரிப்பாள். செருப்பை எடுத்து வா என்றால் சரியான ஜோடியைக் கொண்டுவந்து போடுவாள். கையைப் பிடித்து இழுத்துப்போய், ஜன்னல் வழியாக நாயைக் காட்டி, நாமும் பார்த்தோமா என்று திரும்பி நம் முகத்தைப் பார்ப்பாள். பேச்சு மட்டும் இல்லை.

பேசாத குழந்தை ஒன்று கட்டடத்தில் இருந்தால் போதும், ஊரில் எல்லாரும் டாக்டர் ஆகிவிடுவார்கள். முதல் மாடி போஸ் பாபு நாக்குக்கடியில் தேன் தடவச் சொன்னார். தமிழ்க்காரர்கள் கூடும் இடத்தில், நம் பிள்ளைகள் இந்த ஊரில் எல்லாருமே லேட்தான் என்று சமாதானம் சொன்னார்கள். திருமங்கலத்திலிருந்து ரஞ்சனாவின் அம்மா கூரியரில் வசம்பு அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் ரஞ்சனா தலையாட்டினாள். ஆனால் அவள் பயந்து போயிருந்தாள். படியேறும்போது அவள் குரல் இப்போது கேட்பதில்லை. என் பிள்ளை என்னோடு ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், ஸ்கூல் கிடக்கிறது என்று என்னிடம் ஒரு தரம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள், குழந்தை கேட்டுவிட்டதோ என்று. தமிழில் சொல்லிவிட்டாளே.

காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் குழந்தை டாக்டர். பவானிபூரில் ஒரு இடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆதர்ஷுக்கு அன்று ஆபீசில் தவிர்க்க முடியாத வேலை. ரஞ்சனாவுக்குப் பெங்காலி தடுமாறும் என்பதால் நான் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

சத்தம் புகாத ஒரு சின்ன அறை. ரஞ்சனா மடியில் ஹம்சினி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நானும், பரிசோதிக்கும் பெண்ணும். இடப்பக்கத்திலிருந்து ஒரு ஓசை வரும். குழந்தை திரும்பினால் அங்கே ஒரு பொம்மைக் குரங்குக்கு விளக்கெரிந்து அது கைதட்டும். பிறகு வலப்பக்கம். பிறகு ஓசையைக் குறைத்துக்கொண்டே போனாள். கடைசியில் எனக்கே கேட்கவில்லை. ஹம்சினி திரும்பினாள். ரஞ்சனா அசையக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கண்ணீர் மட்டும் வழிந்தது.

காது நூற்றுக்கு நூறு என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள். குழந்தையோடு நிறையப் பேசுங்கள், குளிப்பாட்டும்போது, சாப்பாடு ஊட்டும்போது, எப்போதும் பேசிக்கொண்டே இருங்கள் என்றாள். பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள் ரஞ்சனா. எந்த மொழியில் என்று அந்தப் பெண் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவரைப் பார்க்க நாள் கேட்டோம். பூஜைக்கு அப்புறம் என்றார்கள். இந்த ஊரில் மூக்கு ஒழுகினால்கூடப் பூஜைக்கு அப்புறம்தான் துடைப்பார்கள்.

திரும்பி வரும் டாக்ஸியில் நான் நல்ல செய்திதானே என்று தேற்றினேன்.

"கேக்கலைன்னா மெஷின் வெச்சிக்கிறலாம்க்கா," என்றாள் ரஞ்சனா. "எல்லாம் கேக்குது. கேட்டுக்கிட்டே எங்கிட்டப் பேசமாட்டேங்குது. அப்ப என்ன அர்த்தம்?"

குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை, என் பையில் தங்கிவிட்ட குழந்தையின் தொப்பியை வாங்கிக்கொண்டு போக ஆதர்ஷ் வந்தான். வந்தவன் போகவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, காப்பி கேட்கக்கூட இல்லை. அவனாகவே சொல்ல ஆரம்பித்தான். பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் தமிழ் மீடியமாம். மார்க் வாங்கிக் கோயம்புத்தூரில் பெரிய காலேஜில் இடம் கிடைத்ததாம்.

"முதல் வருஷம் பூரா நான் வாயே திறக்கலீங்கக்கா. பதில் தெரியும். எழுந்து நின்னா இங்கிலீஷ் வராது. வாத்தியார் எம்பேரைக் கூப்பிடக்கூடாதுன்னு சாமி கும்பிட்டுட்டுப் போவேன். எம்பொண்ணு அப்படி நிக்கக்கூடாது. அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு அந்தத் தொப்பியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். என் கோபம் போய்விட்டது. பிடிவாதக்காரன் என்று நினைத்திருந்தவன் பயந்தவன் என்று தெரிந்தால் அவனை எப்படித் திட்டுவது. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

பூஜை நெருங்கியது. எங்கள் தெருமுனையில் மூங்கில் கட்டிப் பந்தல் எழும்பத் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை சந்தியா மாசிக்குப் பூஜைப் புடவை எடுக்க ரஞ்சனாவும் ஆதர்ஷும் கரியாஹாட் கடைவீதிக்குக் கிளம்பினார்கள். பூஜைக்கு முந்தைய கரியாஹாட்டில் சின்னக் குழந்தையோடு நுழைந்தால் குழந்தை ஒரு கடையிலும் நாம் ஒரு கடையிலும் வெளியே வருவோம். என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

ஹம்சினிக்கு லூச்சி பொரித்துக் கொடுத்தேன். பூரிதான், மைதாவில். ரூலுக்குக் கட்டுப்பட்டு "ஈட்" என்றேன். சாப்பிட்டாள். எனக்கும் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. டீவியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் கூடத்தில் குழந்தை இல்லை. பால்கனிக் கதவு தரையில் உரசும் சத்தம் கேட்டது. அந்தக் கதவு கொஞ்சம் உப்பிக்கொண்டு சரியாகச் சாத்தாது. ஹம்சினி வெளியே நின்று முதுகைக் கொடுத்து அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கையில் என் டீவி ரிமோட். கிராதி உயரமானது, பயமில்லை என்பதால் என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று நின்றேன். கதவைச் சாத்தி முடித்தாள். ரிமோட்டைக் காதில் வைத்தாள்.

"ம்ம்," என்றாள். "ம்ம். சொல்லு."

நான் கையில் பிடித்திருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

பாதிக்கு மேல் சொல்லே இல்லாத வெறும் ஓசை. ஆனால் அதன் ராகம் அப்படியே திருமங்கலம். ஏறுகிற இடத்தில் ஏறி, இழுக்கிற இடத்தில் இழுத்து, நடுநடுவே சொற்கள் தெளிவாக வந்து விழுந்தன. அய்யய்யோ. அப்புறம். மழ. சாப்ட்டியா. ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு, கிராதியில் உரிந்த பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு பேசினாள். தினம் சாயங்காலம் கீழே தன் பால்கனியில் ரஞ்சனா அவள் அம்மாவோடு ஃபோன் பேசும்போது இப்படித்தான் நிற்பாள், நான் மேலிருந்து பார்த்திருக்கிறேன். ஹம்சினி எதற்கோ சிரித்தாள். எதிர்ப்பக்கம் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு. கடைசியில் "செரி, வெச்சிர்றேன்" என்றாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ரிமோட்டை சோபாவில் வைத்தாள். என்னைப் பார்த்தாள், லூச்சித் தட்டைக் காட்டினாள்.

"ஊம்," என்றாள்.

அந்த வீட்டில் சிரிப்பும் சண்டையும் கொஞ்சலுமாக இருந்த பேச்சு முழுவதும் பால்கனிக்குப் போய்விட்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று குழந்தை அதைத் தினமும் பார்த்திருக்கிறாள். பேச வேண்டுமென்றால் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், உள்ளே வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும், இதுதான் மனிதர்களின் வழக்கம் என்று முடிவு கட்டியிருக்கிறாள். அவள் கற்றுக்கொண்டதில் தப்பே இல்லை. நாங்கள் காட்டியதைத்தான் கற்றிருந்தாள்.

ரஞ்சனாவுக்கு ஃபோன் செய்தேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் புடவை எடுத்தது போதும், உடனே வா என்றேன். அவள் குரல் போன விதத்தைக் கேட்டதும், நல்ல விஷயம்தான் என்று சேர்த்துச் சொன்னேன்.

ஆட்டோ பிடித்து ஓடி வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். ஆதர்ஷ் நம்பவில்லை. அக்காவுக்கு ஆசையில் அப்படிக் கேட்டிருக்கும் என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரிமோட்டை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வாங்கவில்லை. சர்க்கஸா நடக்கிறது, கேட்டவுடன் காட்ட. மூவருமாகச் சமையலறையில் போய் உட்கார்ந்தோம். ரஞ்சனா என் காய்கறிக் கூடையில் இருந்த பீன்ஸை எடுத்து நார் உரித்தாள். உரித்ததையே மறுபடி உரித்தாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு உரசியது.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். இந்தத் தடவை ஹம்சினி கோபமாக இருந்தாள். யாரையோ அதட்டினாள். நடுவில் மாசியின் பெங்காலி ஒன்றிரண்டும் விழுந்தது, மாடியில் வேலைக்காரியோடு பேசும்போது கேட்டிருப்பாள் போலிருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"அது நான் எங்கம்மாகிட்டப் பேசுறது," என்று ரஞ்சனா கிசுகிசுத்தாள். "அந்தப் பெருமூச்சுகூட என்னுதுதான்."

ஆதர்ஷ் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன் என்று ஒரு தரம் சொன்னான்.

ரஞ்சனாவால் பொறுக்க முடியவில்லை. போய்க் கதவைத் திறந்தாள்.

ஹம்சினி சட்டென்று நிறுத்தினாள். ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, பிஸ்கட் திருடி மாட்டிக்கொண்ட முகத்தோடு அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன். பேசியது தப்பு என்று அந்தக் குழந்தை நினைத்திருந்தது.

ரஞ்சனா ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் எந்த மொழி வரும், அது வந்தால் குழந்தை மறுபடி மூடிக்கொள்ளுமோ என்ற பயம் அவளுக்கு. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள், புடவைக் கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு. கீழே தெருவில் பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது. குழந்தை பார்த்தாள். அம்மா பால்கனியில் இருக்கிறாள். ஆனால் பேசவில்லை. கையில் ஃபோன் இல்லை. ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதுகுக்குப் பின்னாலிருந்து ரிமோட் வெளியே வந்தது. ஒரு அடி எடுத்து வைத்தாள், இன்னொரு அடி. அம்மாவின் காதில் அதை அழுத்தி வைத்தாள். தலைகீழாகத்தான் வைத்தாள்.

"அம்மா," என்றாள். "பேசு."

ரஞ்சனாவால் பேச முடியவில்லை. பிறந்ததிலிருந்து வாய் ஓயாத பெண், அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் திரைச்சீலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"பேசு," என்று குழந்தை அதட்டியது.

ரஞ்சனா ரிமோட்டைத் தானே பிடித்துக்கொண்டாள். எச்சிலை விழுங்கினாள்.

"அலோ," என்றாள். "யாருங்க பேசுறது?"

ஹம்சினி வெறும் கையைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். மூக்கும் மூக்கும் இடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு, திருமங்கலத்துக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"நாந்தாம்மா."